மூளைக்காய ஃபெலோஷிப்புக்கு ‘ஃபுல் பேக்கேஜ்’: பெங்களூரு கன்சல்டன்ஸிகளிடம் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஜெயநகர், கோரமங்களா, இந்திராநகர் என்று பெங்களூரில் எங்கே போனாலும் டாக்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்ஸி ஒன்றாவது கண்ணில் படுகிறது. பிளாப் (இங்கிலாந்து லைசென்ஸ் தேர்வு), யூஎஸ்எம்எல்இ (அமெரிக்க லைசென்ஸ் தேர்வு) என்று போர்டு வைத்துத் தொடங்கியவர்கள் இப்போது ஃபெலோஷிப்புக்கும் ‘ஃபுல் பேக்கேஜ்’ விற்கிறார்கள். சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ படித்து, பெங்களூரு மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டு, மூளைக்காயச் சிகிச்சையில் மேற்பயிற்சி தேடும் தமிழ் டாக்டர்கள் அவர்களுக்கு நல்ல வாடிக்கை. பிஎம்ஆர் (உடலியக்க மறுவாழ்வு மருத்துவம்), நியூராலஜி, நியூரோ அனஸ்தீசியா, சைக்கியாட்ரி என்று எந்த வழியாக வந்தாலும் பேக்கேஜ் ஒன்றேதான். இந்த மதிப்பீட்டில் எந்தக் கடையின் பெயரும் இல்லை. சரக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பெயருக்குத் தேவையும் இல்லை.

பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை: எங்கே விண்ணப்பிப்பது என்ற பட்டியல், ஆவணச் சரிபார்ப்பு, சிவி, எஸ்ஓபி (ஏன் விண்ணப்பிக்கிறோம் என்று எழுதும் கட்டுரை), சிபாரிசுக் கடிதம், நேர்காணல் பயிற்சி, விசா. இவற்றில் ஆவணங்களைத் துரத்தி வாங்கும் வேலைக்கு மட்டும் காசு கொடுக்கலாம், அதுவும் முழுதாக அல்ல. பட்டியல், சிவி, எஸ்ஓபி, கடிதம் ஆகியவை தீங்கு செய்யக்கூடியவை. மற்றவை பரவாயில்லை ரகம்.

பட்டியலிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலும் அமெரிக்காதான் முதல் பக்கம். அங்கே ‘பிரெயின் இஞ்சுரி மெடிசின்’ 2011-இல் துணைச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. பிஎம்ஆர் போர்டும் சைக்கியாட்ரி-நியூராலஜி போர்டும் கூட்டாக நடத்துகின்றன. முதல் சான்றிதழ்த் தேர்வு 2014-இல் நடந்தது. ஃபெலோஷிப் 12 மாதம். எம்டி முடித்த கையோடு ஒரு வருடம் போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 12 மாதத்துக்குள் நுழைய அங்கேயே பிஎம்ஆர், நியூராலஜி, குழந்தை நியூராலஜி, சைக்கியாட்ரி ஆகியவற்றில் ஒரு ரெசிடென்ஸி முடித்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. இந்திய எம்டியோ அதற்கு மேற்பட்ட டிஎம் பட்டமோ அதற்கு ஈடாகாது. பிஎம்ஆர் ரெசிடென்ஸி, இன்டர்ன் ஆண்டையும் சேர்த்து நான்கு வருடம். ஆக, யூஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் தேர்வுகள், வெளிநாட்டு டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் சான்றிதழ், ரெசிடென்ஸி இடம் ஒதுக்கும் மேட்ச், நான்கு வருட ரெசிடென்ஸி, அதற்குப் பின் ஒரு வருடம். முப்பத்தைந்து வயதில் குழந்தையோடு இருப்பவரிடம் இதை ‘ஒரு வருடக் கோர்ஸ்’ என்று விற்பது நியாயமே இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க அதே பட்டியலில் ‘ரிசர்ச் ஃபெலோ’ இடங்களையும் கலந்துவிடுவார்கள். இவை உண்மையான வேலைகள்தான், கட்டுரைகள் வரும், நல்ல ஆட்களின் பழக்கமும் கிடைக்கும். ஆனால் ஜே-1 ரிசர்ச் ஸ்காலர் விசாவில் போகிறவர் நோயாளியைக் கையாள முடியாது. ஸ்பாஸ்டிசிட்டிக்கு (தசை இறுக்கத்துக்கு) ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளம்பியவர் ஒரு வருடம் எக்செல் ஷீட்டோடு உட்கார்ந்திருப்பார். அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இயின் அங்கீகாரம் உண்டா? கிளினிக்கலா, ரிசர்ச்சா? எந்த லைசென்ஸில் வேலை? சம்பளம் யார் தருகிறார்கள்? நான்காவது கேள்விக்கு ‘அது பிறகு பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

இந்திய எம்டியோடு நேராக நோயாளியிடம் போய் நிற்க வேண்டுமென்றால் இங்கிலாந்து இன்னும் நல்ல வழி. எம்டிஐ என்கிற மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ் அதிகபட்சம் 24 மாதம். பிளாப் எழுத வேண்டியதில்லை, ராயல் காலேஜின் ஸ்பான்சர்ஷிப் வழியாக ஜிஎம்சி (அந்த நாட்டு மருத்துவ கவுன்சில்) பதிவு கிடைக்கும், முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். பேக்கேஜ் விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒரு நிபந்தனை இதில் இருக்கிறது. கடந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது மருத்துவம் பார்த்திருக்க வேண்டும், கடைசி 12 மாதமும் அதில் அடங்க வேண்டும். ‘ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன்’ என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7.0-க்குக் குறையக் கூடாது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி என்றால் நான்கிலும் பி கிரேடு, அதாவது 350. எம்ஆர்சிபி (ராயல் காலேஜின் பொது மருத்துவத் தேர்வு) முடித்தவர்களுக்கு எம்டிஐ தவிர இன்னொரு கதவும் உண்டு. ஜிஎம்சி அதை முதுகலைத் தகுதியாக ஏற்பதால், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ட்ரஸ்டுகள் நேரடியாக விளம்பரம் செய்யும் நியூரோரிஹாப் ஃபெலோ வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது அது எந்த லெவல் யூனிட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லெவல் 1 யூனிட்டில்தான் டிராக்கியோஸ்டமி குழாயோடும் (தொண்டையில் போடும் சுவாசக் குழாய்) நீடித்த உணர்வுநிலைக் குறைவோடும் வரும் சிக்கலான கேஸ்கள் குவியும். லெவல் 3-இல் ஒரு வருடம் இருந்தாலும் பக்கவாதமும் இடுப்பெலும்பு முறிவுமே மிஞ்சும்.

கனடாவில் கிளினிக்கல் ஃபெலோஷிப் என்பது பல்கலைக்கழகம் வழியாக, சொந்த நாட்டில் ஏற்கெனவே ஸ்பெஷலிஸ்ட் ஆனவருக்குக் கொடுக்கும் இடம். டாக்டர்களைப் பதிவு செய்யும் மாகாண ஒழுங்குமுறை அமைப்பின் கல்வி லைசென்ஸில் வேலை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அங்கே முதல் தடை. அதற்கு விடை இல்லாமல் மற்ற படிவங்களைத் தொட வேண்டாம்.

பட்டியல்களில் எப்போதுமே விடுபடுவது இந்தியா. கமிஷன் இல்லாத இடம், விட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூர் ரோட்டில் டெய்ரி சர்க்கிளுக்குப் பக்கத்திலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித் துறை உண்டு, ஒரு வருட போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப்புகள் உண்டு. அவற்றுக்கு நிம்ஹான்ஸே விளம்பரம் கொடுத்துத் தேர்வும் நடத்துகிறது. டிஎம், எம்சிஎச் இடங்களுக்கான ஐஎன்ஐ-எஸ்எஸ் தேர்வு வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விளம்பரத்தைத் தவறவிடுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். எந்தத் துறைக்கு எந்த எம்டி தகுதி என்பதை அந்தந்த வருட புராஸ்பெக்டஸில் மட்டுமே பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பி எழுத வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து பைக் விபத்துக் கேஸ்கள் வந்து சேரும் இடம் இது. தமிழ் பேசும் டாக்டர் வார்டில் இருப்பதற்கு இங்கே தனி மதிப்பு உண்டு. காயத்துக்குப் பின் நினைவு தெளிகிறதா என்று தினமும் கேட்டு மதிப்பெண் போடும் சோதனையை நோயாளியின் மொழியில் செய்யாவிட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அதைச் செய்யத் தெரிந்தவர் அந்த விவரத்தை சிவியின் கடைசி வரியில் ‘மொழிகள்’ என்று ஒதுக்குவது வீண். மேலே கொண்டுவாருங்கள்.

ஊர்ப் பக்கம் பார்த்தால் வேலூர் சிஎம்சி. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸின் முயற்சியில் 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் தொடங்கியது. வேறு நகரம் போகத் தயார் என்றால் மும்பை ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் பிஎம்ஆர் நிறுவனமும், டெல்லி எய்ம்ஸின் ஜெய் பிரகாஷ் நாராயண் ட்ராமா சென்டரும் இருக்கின்றன. வெளிநாடு போவதே குறிக்கோளானாலும் இங்கே ஒரு வருடம் செய்துவிட்டுப் போவது விண்ணப்பத்தின் எடையைக் கூட்டும். ‘கடைசி 12 மாதம்’ நிபந்தனையும் தானாகவே நிறைவேறிவிடும்.

இனி ஆவணங்கள். இங்கேதான் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல்.

எம்பிபிஎஸ் பட்டத்தில் ‘கார்த்திக் எஸ்’ என்று இருக்கும். கவுன்சில் பதிவில் ‘டாக்டர் எஸ். கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திக், குடும்பப் பெயர் செல்வராஜ். ஆதாரில் வேறொன்று. நமக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டுக் கணினிக்கு இவர்கள் நான்கு பேர். இன்னும் சிலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அவர்களின் ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கிலிருந்து மருத்துவமனை பேட்ஜ் வரை அதே பெயர்தான்.

இதில் வரிசை முக்கியம். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். லால்பாக், மாரத்தஹள்ளி இரண்டிலும் பாஸ்போர்ட் சேவா கேந்திரா உண்டு. இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக ஏற்றிய பிறகே ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் பதிவு. அதற்கும் பிறகே எப்பிக் (சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சேவை) கணக்கு. பட்டத்தில் உள்ள பெயருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதை விளக்கும் சட்டபூர்வ ஆவணம் வேண்டும். ‘இருவரும் ஒருவரே’ என்ற அஃபிடவிட் சில இடங்களில் போதும், சில இடங்களில் கெஸட் அறிவிப்பு கேட்பார்கள். கெஸட்டே எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் செல்லும். கன்சல்டன்ஸிகள் நேர்மாறாகச் செய்கின்றன. பணம் கட்டிய அன்றே எப்பிக் கணக்கைத் திறந்து ‘வேலை தொடங்கியாச்சு’ என்று காட்டுவார்கள். பெயர் தவறாகப் பதிந்த பிறகு திருத்தப் படாதபாடு பட வேண்டும்.

எப்பிக் என்பது ஈசிஎஃப்எம்ஜி நடத்தும் சரிபார்ப்புச் சேவை. பட்டச் சான்றிதழ் உண்மையானதா என்று கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டு, பதிலை ஜிஎம்சிக்கு அனுப்பும். முதலில் அடையாளப் படிவம் ஒன்றை நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அந்த நோட்டரி ஆன்லைனில், வீடியோ வழியாக, நோட்டரிகேம் என்ற சேவையில் மட்டுமே. மேயோ ஹால் வாசலில் பச்சை மை முத்திரை வாங்கி வந்து கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது தெரியாமல் நோட்டரிக்கு ஆள் அனுப்பிக் கட்டணம் வாங்கும் கன்சல்டன்ஸி என்றால், அவர்களுக்கு எப்பிக் தெரியாது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ‘அபாஸ்டில்’ என்று ஒரு வரி பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிஎம்சி பதிவுக்கு அது தேவையில்லை. வளைகுடா நாடுகளுக்கான பேக்கேஜிலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

படிவம் ஏற்கப்பட்ட பின் பந்து கல்லூரிப் பக்கம் போகிறது. தாமதம் முழுக்க இங்கேதான். ஈசிஎஃப்எம்ஜியின் கோரிக்கை யாருடைய மெயிலுக்குப் போகிறதோ அந்த அதிகாரி மாற்றலாகியிருப்பார், அல்லது அந்த மெயிலையே யாரும் திறப்பதில்லை. கேட்டால் ‘வரவில்லை’ என்பார்கள். கணக்கு தொடங்கும் முன்பே டீன் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியவை மூன்று: சரிபார்ப்பில் கையெழுத்திடும் அதிகாரம் இப்போது யாரிடம், அவருடைய மாதிரிக் கையெழுத்து ஈசிஎஃப்எம்ஜியிடம் இருக்கிறதா, கோரிக்கை கல்லூரிக்கு வருமா பல்கலைக்கழகத்துக்கா. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் படித்தவர்களுக்கு ஜெயநகர் நான்காவது டி பிளாக்கில் உள்ள ராஜீவ் காந்தி பல்கலைக்கழகம். பெங்களூரு ஐசியூவில் டியூட்டி போட்டுக்கொண்டு கிண்டிக்கும் சொந்தக் கல்லூரிக்கும் மாறி மாறி அலைய முடியாது. மார்க் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட், சலான், கவுன்டர், மறுபடி கவுன்டர் என்று அலைய ஓர் ஆள் வேண்டும். ஊரில் மாமாவோ தம்பியோ இல்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கன்சல்டன்ஸிக்குக் காசு கொடுக்கலாம். முழு பேக்கேஜ் இல்லாமல் இதை மட்டும் தனியாகச் செய்து தருவீர்களா என்று கேளுங்கள். பலர் செய்வார்கள்.

குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டை (பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்ற சான்று) அவசரப்பட்டு வாங்கக் கூடாது. ஜிஎம்சிக்கு அது மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ‘எல்லா டாக்குமென்ட்டும் ரெடி’ என்று ஃபைல் கட்டி வைத்துவிட்டு ஓஇடி முடிவுக்குக் காத்திருந்தால் சர்டிஃபிகேட் செத்துப்போகும், திரும்பவும் முதலிலிருந்து. மாநில கவுன்சில் வழியாக என்எம்சிக்கு (தேசிய மருத்துவ ஆணையம்) போகும் விண்ணப்பம் இது. தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் கர்நாடக கவுன்சிலுக்குப் பதிவை மாற்றியிருக்கிறார்களா என்பது இந்தக் கட்டத்தில்தான் கேள்வியாக எழும். பழைய கவுன்சிலின் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்காமல் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இப்போதே அதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து சிவி. மூளைக்காயப் பயிற்சிக்கு இங்கே அழகான டெம்ப்ளேட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தேர்வுக் குழு தேடுவது லாக்புக்கைத்தான், அதாவது என்னென்ன செய்தோம் என்ற பதிவேட்டை. கன்சல்டன்ஸி எழுதித்தரும் சிவியில் ‘ஸ்பாஸ்டிசிட்டி மேலாண்மையில் விரிந்த அனுபவம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கிற சீனியருக்கு அது வெறும் காற்று. அவருக்குத் தேவை: போட்யூலினம் டாக்ஸின் எந்தத் தசையில், எத்தனை யூனிட், எந்த பிராண்டு, கையால் தடவிப் பார்த்தா, இஎம்ஜி வைத்தா, அல்ட்ராசவுண்டிலா, ஊசிக்கு முன்னும் பின்னும் மாடிஃபைட் ஆஷ்வொர்த் (தசை இறுக்க அளவுகோல்) எவ்வளவு. பிராண்டைக் கட்டாயம் எழுதுங்கள். போடாக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல. பிராண்டு இல்லாமல் ‘300 யூனிட்’ என்று எழுதிய லாக்புக்கைப் பார்த்தவுடனேயே, இவர் ஊசியைக் கையில் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

லாக்புக்கில் ‘தனியாகச் செய்தது’, ‘மேற்பார்வையில் செய்தது’, ‘உடனிருந்தது’ என மூன்று நெடுவரிசை போதும். டிராக்கியோஸ்டமி குழாய் எடுத்தது, நரம்பு பிளாக், முழுங்கும் சோதனை, குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசியது எல்லாம் இதில் வரும். கடைசியானதையும் எண்ணிக்கையில் சேருங்கள். இந்தத் துறையில் அதுவும் ஒரு செயல்முறைதான். அளவுகோல்களைக் கவனமாகக் குறிப்பிடுங்கள். உணர்வுநிலைக் குறைவுக்கு சிஆர்எஸ்-ஆர், மொத்தம் 23 மதிப்பெண், ஆறு பகுதி. காயத்துக்குப் பிந்தைய குழப்பமும் மறதியும் தெளிந்ததா என்று பார்க்க கோட், 100-க்கு. கொந்தளிப்புக்கு ஏபிஎஸ், 14 உருப்படி, 14 முதல் 56 வரை. அன்றாடச் செயல்பாட்டுக்கு 18 உருப்படி கொண்ட எஃப்ஐஎம், 18 முதல் 126 வரை. எஃப்ஐஎம் உரிமம் தேவைப்படும் கருவி. நம்மூரில் பெரும்பாலான வார்டுகளில் அதே வேலைக்கான பார்தெல் இண்டெக்ஸ்தான் ஓடுகிறது. செய்யாத எஃப்ஐஎம்மை சிவியில் எழுதிவிட்டு ‘உங்கள் யூனிட்டுக்கு உரிமம் இருந்ததா?’ என்ற கேள்வியில் விழித்தவர்கள் உண்டு. பார்தெல் என்றே எழுதுங்கள், அதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

எஸ்ஓபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘சிறு வயதிலிருந்தே மூளையின் மர்மங்கள் என்னை ஈர்த்தன’ என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே கதை முடிந்தது. அதே வாக்கியத்தை அதே கன்சல்டன்ஸி இன்னும் பத்துப் பேருக்கும் எழுதியிருக்கும். அதற்குப் பதிலாக இப்படி ஒரு பத்தி வைத்துப் பாருங்கள்: டிராக்கியோஸ்டமி குழாயோடு வார்டுக்கு வந்தவர், சிஆர்எஸ்-ஆர் 7, இரண்டு வாரம் முன்னேற்றமில்லை, மருந்துச் சீட்டைப் பார்த்தபோது வலிப்புத் தடுப்பு மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, வலிப்பு வந்த வரலாறு இல்லை, நிறுத்தினோம், அடுத்து என்ன ஆனது, என்ன ஆகவில்லை. படிப்பவருக்கு இதில் ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது தெரியும். ‘என்ன ஆகவில்லை’ என்ற பகுதியைச் சேர்க்கப் பயப்படாதீர்கள். மூளைக்காயத்தில் எல்லாக் கேஸும் நடந்து வீட்டுக்குப் போவதில்லை என்பது படிப்பவருக்கு நன்றாகவே தெரியும். நோயாளியின் ஊர், தேதி, விபத்து நடந்த இடம் எதையும் எழுத வேண்டாம்.

சிபாரிசுக் கடிதத்தைக் கன்சல்டன்ஸி எழுதி, ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்து மட்டும் போடுவது இங்கே பரவலான வழக்கம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ஹெச்ஓடிக்கு நேரமில்லை என்றால் லாக்புக்கிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு எடுத்துக் கொடுங்கள்: எத்தனை மாதம் அவருக்குக் கீழே, எந்த வார்டு, எந்த மூன்று கேஸ், எங்கே தடுமாறி எப்படித் திருந்தினீர்கள். ‘சார், இதைப் பார்த்து நீங்களே உங்க வார்த்தையில எழுதினா போதும்’ என்றால் மாட்டேன் என்பவர் குறைவு. கடிதங்களில் ஒன்றை உங்களோடு தினமும் வேலை பார்த்த வேறு துறை சீனியரிடம் கேட்பது நல்லது. சைக்கியாட்ரிஸ்டோ நியூரோசர்ஜனோ எழுதினால் நீங்கள் குழுவாக வேலை செய்பவர் என்பதற்கு அது சாட்சி.

நேர்காணல் பயிற்சியில் கன்சல்டன்ஸிகள் ‘உங்கள் பலவீனம் என்ன’ ரகக் கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. நிஜத்தில் வரக்கூடிய கேள்விகள் வார்டிலிருந்து எழும். இரவு இரண்டு மணி, நினைவு தெளியாத நோயாளி கத்துகிறார், குழாயைப் பிடுங்குகிறார், நர்ஸ் ஹாலோபெரிடால் (அடக்கும் மருந்து) கேட்கிறார். என்ன செய்வீர்கள்? மருந்தின் பெயரில் பதிலைத் தொடங்கினால் பாதி மார்க் போச்சு. வலி, நிரம்பிய சிறுநீர்ப்பை, ஆக்ஸிஜன் குறைவு, தொற்று, வலிப்பு, மது நிறுத்தியதன் விளைவு ஆகியவை காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது, பழகிய முகம் ஒன்றைப் பக்கத்தில் வைப்பது, கட்டிப் போடுவதைத் தவிர்ப்பது, ஏபிஎஸ் எழுதத் தொடங்குவது. அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து. அங்கே புரோபிரனலால் பேச்சு வரும். ஹாலோபெரிடாலும் பென்ஸோடயஸபைனும் ஏன் கடைசி இடத்தில், அறிவுத் தெளிவை அவை எப்படி மங்கவைக்கும் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். நம்மூர் வார்டில் பழகிய முகம் என்றால் அம்மாவோ மனைவியோ கட்டிலுக்குக் கீழேயே படுத்திருப்பார்கள். அதை ஒரு குறையைப் போலச் சொல்லாமல் சிகிச்சைத் திட்டத்தில் எப்படிச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக் குழுவுக்கு அது புதிதாக இருக்கும்.

இன்னொரு கேள்வி: நன்றாகத் தேறிவந்தவர் ஆறாவது வாரத்தில் பின்னால் போகிறார், ஏன்? தலைக்குள் நீர் தேக்கம், வெளியே தெரியாத வலிப்பு, தூக்கம் வரவைக்கும் மருந்துகள், பிட்யூட்டரிக் குறைபாடு, மண்டையோட்டுத் துண்டு எடுத்தவரானால் தோல் உள்ளே அமுங்குவதால் வரும் சிக்கல். இந்த வரிசை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வலிப்பு வராதவருக்குத் தடுப்பு மருந்து முதல் 7 நாளோடு ஏன் நிற்கிறது என்று துணைக்கேள்வி வரலாம்: ஆரம்ப வலிப்பைத் தடுக்கும், பின்னால் வரும் வலிப்பைத் தடுப்பதாக ஆதாரமில்லை. உணர்வு தெளியக் கொடுக்கும் அமண்டடின் மருந்து பற்றிக் கேட்டால் 2012 ஆய்வைச் சொல்லத் தெரிய வேண்டும். காயம் பட்டு 4 முதல் 16 வாரம் ஆன 184 பேர், நான்கு வாரம் மருந்து, கொடுத்த வரைக்கும் தேறும் வேகம் கூடியது, நிறுத்திய பின் வேகம் தணிந்தது. கடைசிப் பகுதியை விட்டுவிட்டு ‘அமண்டடின் வேலை செய்யும்’ என்று மட்டும் சொல்பவர் சுருக்கத்தை மட்டும் படித்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பயிற்சியை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் மாக் இன்டர்வியூவை விட, ஏற்கெனவே அங்கே ஃபெலோவாக இருக்கும் சீனியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வீடியோவில் நன்றாகத் தருவார். நேரத்தைக் கணக்கிடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. டொரோண்டோவில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அவர்கள் கடிகாரம் மாற்றும் வாரமும் இங்கிலாந்து மாற்றும் வாரமும் வேறு வேறு. மார்ச்சிலும் அக்டோபர்-நவம்பரிலும் நேர்காணல் வந்தால் அன்றைய தேதியைப் போட்டே சரிபாருங்கள்.

விசாவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். எம்டிஐயில் ஸ்பான்சர் சான்றிதழ் வந்துவிட்டால் மிச்சம் நீங்களே நிரப்பக்கூடிய படிவம். அமெரிக்க ஜே-1 கிளினிக்கல் விசாவுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்’ (இந்தத் துறை டாக்டர் நாட்டுக்குத் தேவை என்ற கடிதம்) வேண்டும், முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதைக் கையெழுத்திடும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேக்கேஜே வாங்குவது என்று முடிவு செய்தால், ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். தவணை ஒவ்வொன்றும் ஒரு வேலை முடிந்ததோடு இணைந்திருக்கட்டும்: டிரான்ஸ்கிரிப்ட் கையில் வந்தால் இவ்வளவு, எப்பிக் அறிக்கை ஜிஎம்சிக்குப் போனால் இவ்வளவு. ‘கணக்கு திறந்தால்’, ‘ஷார்ட்லிஸ்ட் தந்தால்’ என்று தவணை போட்டால் முக்கால்வாசிப் பணம் முதல் மாதத்திலேயே போய்விடும். இரண்டாவது, கணக்கு எதுவும் அவர்களுடைய மெயிலில் தொடங்கக் கூடாது, கடவுச்சொல்லும் அவர்களிடம் போகக் கூடாது. ஈசிஎஃப்எம்ஜி எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். உங்கள் பெயரில் யாரோ திருத்திய சான்றிதழோ எழுதிய கடிதமோ ஏற்றப்பட்டால், முறைகேடு என்ற குறிப்பு உங்கள் பதிவில்தான் ஏறும், கன்சல்டன்ஸியின் பதிவில் அல்ல. உதவிக்கு ஆள் வேண்டுமானால் அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும், சமர்ப்பிக்கும் பட்டனை நீங்களே அழுத்துங்கள். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் பிடிஎஃபையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.